படம் தப்பாகத் தெரிந்தால் பையனைத் திட்டாதீர்கள், லிங்க்கைப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கோபத்தில் எழுதுகிற பதிவு. நீளமும் கொஞ்சம் அதிகம். காபியைக் கலந்துகொண்டு வந்து உட்காருங்கள். வீட்டில் கேட் (அதாங்க, கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது) படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பி.காம். படித்துவிட்டு பாங்க்கில் குப்பை கொட்டுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதில், எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிற அண்ணன் மகன்.

ஊரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான். அப்புறம் மூன்று மாச கேட் கோர்ஸ். "புனேயில் நீ இருக்கியேம்மா, பார்த்துக்கோ" என்று அண்ணன் அனுப்பி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. போசரி எம்.ஐ.டி.சி.யில் ஃபிக்ஸ்சர் செய்கிற சின்ன யூனிட் ஒன்றில் டிராயிங் வேலை. (ஃபிக்ஸ்சர் என்றால் வெல்டிங் அடிக்கும்போது பாகங்கள் நகராமல் பிடித்துக்கொள்கிற சட்டம்.) சம்பளம் 19,000.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்தான். சாப்பாடு வேண்டாம் என்றான். தோண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. அவன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த டிராயிங்கில் ஓட்டைகள் 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்திருக்கின்றன. அதைப் பார்த்து மெஷினில் வெட்டிய பேஸ் பிளேட் குப்பைக்குப் போய்விட்டது. நஷ்டம் 21,000. மூன்று மாசம், மாசம் 7,000 சம்பளத்தில் பிடிப்பதாக ஓனர் சொல்லிவிட்டார்.

"அத்தை, நான் சரியாத்தான் மாத்தி வச்சிருந்தேன். ஆனா அசெம்பிளியில பழைய பிளேட்தான் தெரிஞ்சிருக்கு. சாயங்காலம் திறந்து காட்டினா சரியாத் தெரியுது. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

காலையில் தப்பாகத் தெரிந்தது சாயங்காலம் சரியாகத் தெரிகிறதாம். எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஏதோ செய்திருப்பான் என்றுதான் நினைத்தேன். அதற்காக இங்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, படம் வரைந்து சொல்லிக் கொடுத்தான். எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாலிட்வொர்க்ஸ் மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு பாகமும் தனித்தனி ஃபைல். எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது அசெம்பிளி ஃபைல். ஆனால் பாகத்தின் அசல் வடிவம் அந்த அசெம்பிளிக்குள் இருக்காது. பாகத்தின் பெயரும் விலாசமும்தான் இருக்கும். திறக்கும்போது அந்த விலாசத்துக்குப் போய்ப் பாகத்தைக் கூட்டிக்கொண்டு வரும். இதில் ஒரு கூத்து உண்டு. அதே பெயரில் இன்னொரு ஃபைல் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். "முருகனைக் கூட்டிவா" என்று ஆளனுப்பினால், வாசலில் நிற்கிற முருகனையே பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி. உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருக்கிற முருகன்தான் நமக்கு வேண்டியவர் என்பது அதற்குத் தெரியாது.

ஒரே பெயரில் இரண்டு பேஸ் பிளேட் எப்படி வந்தது? அந்த யூனிட்டில் புது ஜாப் வந்தால், பழைய ஜாப் ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து, அதற்குள் திருத்துவதுதான் வழக்கம். "டைம் மிச்சம்" என்று ஓனரே சொல்லிக் கொடுத்த முறை. ஆகவே பழைய ஃபோல்டரிலும் பேஸ் பிளேட், புது ஃபோல்டரிலும் பேஸ் பிளேட். அன்றைக்குக் காலையில் ஓனர் பழைய ஜாபில் ஒரு அளவு கேட்டிருக்கிறார். பையன் பழைய பிளேட்டைத் திறந்து பார்த்துச் சொன்னான். அதை மூடுவதற்குள் இன்னொரு போன். "புது ஜாப் பிரிண்ட் எடு, மெஷின் சும்மா நிற்குது." புது அசெம்பிளியைத் திறந்தான். ஏதோ ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. ஓகே அடித்தான். பழைய பிளேட் வந்து உட்கார்ந்துகொண்டது. டிராயிங் ஃபைலும் அதே பெயரைத் தேடிப் பழையதையே காட்டியது. சாயங்காலம் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தபோது வாசலில் அந்த முருகன் இல்லை. படம் சரியாக வந்தது. சாட்சியும் காணாமல் போனது.

இதைக் கேட்டதும் எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. சில வருஷம் முன்னால் மாசாந்திர ஸ்டேட்மென்ட் ஒன்றை எக்செல்லில் தயார் செய்து அனுப்பினேன். அதில் சில எண்கள் வேறு ஃபைலிலிருந்து லிங்க்கில் வரும். திறக்கும்போது "லிங்க்கை அப்டேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிட்டேன். முந்தின காலாண்டின் எண் அப்படியே நின்றது. அழகாக, கமா எல்லாம் போட்டு, சுத்தப் பொய்யாக! விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

கவனியுங்கள் மக்களே, விளக்கம் *கேட்டு* வந்தது. பதில் எழுதினேன். அடுத்த மாசத்திலிருந்து அந்த ஸ்டேட்மென்ட்டை ஒருவர் தயார் செய்ய, இன்னொருவர் சரிபார்த்த பிறகே அனுப்புவது என்று ஆனது. பாங்க்கில் மேக்கர், செக்கர் என்போம். ஒருத்தர் பதிவு போட்டால் இன்னொருத்தர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அப்படி வைத்திருப்பது மனுஷனை நம்பாததால் இல்லை. மனுஷன் தப்பு செய்வான் என்று தெரிந்ததால்.

அந்த யூனிட்டில் 21 வயசுப் பையன் எடுத்த பிரிண்ட் யார் கண்ணிலும் படாமல் நேராக மெஷினுக்குப் போகிறது. செக்கர் யார்? கிடையாது. அப்புறம் நஷ்டம் மட்டும் ஏன் பையன் தலையில்?

"ஓகே அடித்தது அவன்தானே?" என்பீர்கள். ஆமாம், அவன்தான். படிக்காமல் ஓகே அடித்தது தப்பு. பிரிண்ட்டை கஸ்டமர் டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்க்காததும் தப்பு. திட்டலாம், தப்பில்லை. நானும் திட்டினேன். ஆனால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் உருவாகும்படி வேலைமுறை வைத்தது யார்? சரிபார்க்க ஆள் வைக்காதது யார்? மெஷின் நிற்குது, சீக்கிரம் என்று விரட்டியது யார்? அந்தப் பங்குக்கு யார் சம்பளத்தில் பிடிப்பது?

இது சின்ன யூனிட்டில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைக்காதீர்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் ஒயர் மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பு, பிரான்சின் துலூஸில் 5-ஆம் பதிப்பு. ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த பகுதிகளைத் துலூஸில் இணைக்கப் போனால் ஒயர்களின் நீளம் போதவில்லை. 2006-இல் வரவேண்டிய முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது 2007 அக்டோபரில். தாமதத்துக்குப் பொறுப்பேற்று 2006 ஜூலையில் பதவி விலகியவர் ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹம்பர்ட். ஹாம்பர்க்கில் ஒயர் வரைந்த பையன் இல்லை!

அங்கே தலைவர் நாற்காலியை விட்டார். இங்கே ஓனர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பையன் சம்பளத்தைப் பிடிக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். (பாங்க்கில் இருபது வருஷம் இருந்தால் சட்டப் புத்தகம் புரட்டுகிற வியாதி வந்துவிடும்.) 1936-ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கிற 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, இதில் ஒரே பேச்சுதான். தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டம் என்று காட்ட வேண்டும். பிடிப்பதற்கு முன் அவன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். "அடுத்த மாசத்திலிருந்து ஏழாயிரம்" என்று டீ குடித்துக்கொண்டே அறிவிப்பது சட்டத்தில் இல்லை.

சரி, திட்டினது போதும். உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டாமா? அசெம்பிளியில் ஒரு பாகம் தப்பாகத் தெரிந்தால் என்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்று மருமகன் சொல்லச் சொல்ல எழுதினேன். சாலிட்வொர்க்ஸை வைத்துச் சொல்லியிருக்கிறான்.

1. முதலில் சேவ் செய்யாதே. தப்பான பாகத்தோடு சேவ் செய்தால் தப்பான விலாசமே நிரந்தரமாகிவிடும்.

2. 'ஃபைண்ட் ரெஃபரன்ஸஸ்' போய், ஒவ்வொரு பாகமும் எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று முழு விலாசத்தையும் படி. பாதிப் பிரச்சினை இங்கேயே பிடிபடும்.

3. எல்லாவற்றையும் மூடிவிட்டு அசெம்பிளியை மட்டும் திற. ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. திறந்திருக்கிற வேறு அசெம்பிளி அந்தப் பாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது நினைவகத்தில்தான் இருக்கும்.

4. பாகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இறகு மாதிரி குறி இருந்தால் அது லைட்வெயிட்டில் இருக்கிறது. முழு விவரமும் ஏறவில்லை என்று அர்த்தம். ரிசால்வ் செய்து பார்.

5. ஒரே பாகத்துக்குப் பல கான்ஃபிகரேஷன் இருக்கலாம். அசெம்பிளி எதைக் காட்டுகிறது என்று பார். பாகமே காணோம் என்றால் சப்ரஸ் ஆகியிருக்கிறதா, வெறுமனே மறைத்து வைத்திருக்கிறதா என்று பார். இரண்டும் வேறு வேறு.

6. பெயருக்குப் பின்னால் அம்புக்குறியும் கேள்விக்குறியும் நின்றால், அந்தப் பாகம் நம்பியிருக்கிற வேறு ஃபைல் இப்போது திறந்திருக்கவில்லை. அதைத் திற. அப்புறம் கண்ட்ரோல் க்யூ அடித்து முழுசாக ரீபில்ட் செய்.

7. வட்டம் மட்டும் பலகோணம் மாதிரி தெரிந்தால் பயப்படாதே. அது படத்தின் தரம் பற்றிய செட்டிங். அளவு கெடாது.

இதில் எதுவும் அந்த மூன்று மாச கோர்ஸில் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. கோடு போடு, வட்டம் போடு, எக்ஸ்ட்ரூட் பண்ணு. சான்றிதழை வாங்கிக்கோ, போய்ட்டு வா. நடுவில் இருக்கிற ஃபைல் நிர்வாகம்தான் சம்பளத்தைத் தின்கிற இடம் என்று ஒரு வாத்தியாரும் வாய் திறக்கவில்லை. ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்பப் போகிற பெற்றோரே, பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அசெம்பிளியில் லிங்க் உடைந்தால் சரிசெய்ய எத்தனை வகுப்பு?" முழித்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபைல்களை நிர்வகிக்கத் தனி மென்பொருள் வாங்கப் பணம் இல்லை என்கிறீர்கள். சின்ன யூனிட்டுகளின் பாலன்ஸ் ஷீட்டை தினமும் பார்க்கிறவள் நான். நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஜாப் நம்பரோடு தனிப் பெயர் வைக்க எவ்வளவு செலவு? ஃபோல்டரைக் காப்பி அடிப்பதற்குப் பதில் 'பேக் அண்ட் கோ' வழியாக, பெயருக்கு முன்னால் புது ஜாப் நம்பர் சேர்த்து நகலெடுக்க எவ்வளவு? மெஷினுக்குப் போகும் முன் பிரிண்ட்டில் இன்னொருவர் கையெழுத்துப் போட எவ்வளவு? மூன்றும் சேர்த்து ஒரு பேஸ் பிளேட் விலைகூட வராது.

அண்ணன் போனில் "பேசாம கட்டிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லும்மா, சண்டை எதுக்கு" என்கிறார். அவர் பயம் புரிகிறது. வெளியூர், வேற பாஷை, முதல் வேலை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டு வந்திருக்கிறோம். எங்க வீட்டுக்காரரும் முதல் கம்பெனியில் கட்டியிருக்கிறார். இருபத்து மூன்று வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

அதனால் மருமகன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். நடந்தது என்ன, ஒரே பெயரில் இருக்கிற இரண்டு ஃபைல்களின் முழு விலாசம், திரும்ப நடக்காமலிருக்க மூன்று யோசனை, கடைசியில் சம்பளப் பிடித்தம் பற்றி ஒரு பத்தி. ஆங்கிலத்தில் பிழை திருத்தியது மட்டும்தான் நான். வெள்ளிக்கிழமை கொடுத்தான். ஓனர் வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டாராம். இன்னும் பதில் இல்லை.

சம்பள நாள் 7-ஆம் தேதி.

பி.கு.: உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படிப் பிடித்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். எவ்வளவு பிடித்தார்கள், பிடிப்பதற்கு முன் விளக்கம் கேட்டார்களா, அது மட்டும் போதும்.