‘கணக்கு ஏறாது’ என்பது பொய்

“உங்க பையனுக்குக் கணக்கு ஏறாதுங்க.” பல்லடம் பக்கம் பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தறி ஓட்டும் அப்பாவும் ஒத்துக்கொள்கிறார்: “எனக்கே வரலீங்க சார், அவனுக்கு எங்கீங்க வரும்?” மீட்டர் கூலியை வாரக் கடைசியில் மனக்கணக்காகவே போட்டு, பத்து ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் இதைச் சொல்கிறார். கணக்கு சிலர் தலையில்தான் ஏறும் என்ற நம்பிக்கை பொய். பழுது பெரும்பாலும் கேள்வியிலும் விளக்கத்திலும் இருக்கிறது.

“அதிகம்னு வந்தா கூட்டு, மீதின்னு வந்தா கழி.” கேள்வியைப் படிக்காமலே விடை எழுதப் பழக்கும் விதி இது. ‘இன்று தறியில் 48 மீட்டர் ஓடியது, இது நேற்றைவிட 6 மீட்டர் அதிகம், நேற்று எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். சொன்னதை அப்படியே கேட்ட பிள்ளை 54 என்று எழுதும். விடை 42. பழி மட்டும் பிள்ளைமேல் விழும்.

கேள்வி அமைப்பதில் நடப்பது இன்னும் மோசம். ‘10 டெய்லர்கள் ஓர் ஆர்டரை 6 நாளில் முடித்தால், 20 டெய்லர்கள்?’ விடை 3 நாள். பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண் எழுந்து, “கட்டிங் அவ்வளவு வேகமா வருமா டீச்சர்? ஓவர்லாக் மிஷின் அத்தனை இருக்கா?” என்றால், “அதிகப்பிரசங்கி, உட்காரு” என்று அடக்குகிறோம். அவள் கேட்டதுதான் கணிதம். எல்லாருக்கும் ஒரே வேகம், மிஷினுக்கோ துணிக்கோ யாரும் காத்திருக்கவில்லை என்று இருந்தால்தான் எதிர் விகிதம் நிற்கும். அந்த நிபந்தனையைக் கேள்வியில் எழுதாதது ஆசிரியரின் தவறு. விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவளை அதட்டுவது அநியாயம்.

நல்ல எதிர் விகிதம் வேண்டுமானால் நூல் கவுண்ட் இருக்கிறது. ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனையோ, அதுதான் கவுண்ட். ஆகவே 40 கவுண்ட் நூல், அதே எடையில் 20 கவுண்டைப்போல இரண்டு மடங்கு நீளம் வரும்; அதே நீளத்துக்கு எடை பாதிதான். எண் ஏற ஏற நூல் ஏன் சன்னமாகிறது என்று இந்த ஊர் வகுப்பில் கேட்டால், வாயே திறக்காத பிள்ளையும் பேசும்.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து 2025-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். காய்கறி விலையைச் சிக்கலான எடைக்கும் மனக்கணக்காகச் சொன்ன அந்தப் பிள்ளைகள், பள்ளிப் பாணியில் கொடுத்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரு தரப்பிலும் மூளைக்குக் குறைவில்லை. இரண்டையும் இணைக்க வேண்டிய வகுப்பறை அதைச் செய்யவில்லை.

போர்ஷன் முடிக்க நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். கேள்வியில் ஒரு வரி நிபந்தனை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? தப்பாகப் போட்ட பிள்ளையிடம் “எப்படிப் போட்ட, சொல்லு” என்று கேட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுக்கட்டும். அந்த 54 எந்த விதியிலிருந்து வந்தது என்று அப்போதே தெரிந்துவிடும்.