போலீசுக்கு கேட்டது... தீயணைப்பு வீரருக்கு கேட்கவில்லை!
உயிரைக் காவு வாங்கும் வாக்கி-டாக்கி இடைவெளி

சென்னையில் ஒரு கட்டிடம் தீப்பிடித்தால் போலீஸ் வரும், தீயணைப்பு வண்டி வரும், 108 ஆம்புலன்சும் வரும். பொதுமக்கள் கூப்பிட 112 என்ற ஒரே நம்பர் போதும். ஆனால் வந்து இறங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியுமா? அங்கேதான் சிக்கல்.

போலீஸ் மைக்கில் ஓடும் பேச்சு தீயணைப்பு வீரரின் வாக்கி-டாக்கியில் விழாது. ஒவ்வொரு துறைக்கும் தனி அலைவரிசை. சூரியன் எப்.எம். வைத்திருப்பவருக்கு ரேடியோ மிர்ச்சி பாட்டு கேட்குமா? அதே கதைதான்.

29 நிமிடம்

இதற்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் காட்டியது. காலை 9.59-க்கு உலக வர்த்தக மையத்தின் தெற்கு கோபுரம் சரிந்தது. வடக்கு கோபுரம் விழுந்தது 10.28-க்கு. இடையில் இருந்தது 29 நிமிடம்.

வானத்தில் சுற்றிய போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்து, வடக்கு கோபுரமும் நிற்காது என்று எச்சரிக்கை வந்தது. போலீஸ் ரேடியோவில் அது கேட்டது. உள்ளே இருந்த போலீசார் பலர் வெளியேறினர். தீயணைப்பு அதிகாரிகளுக்கோ அந்த அலைவரிசையே கிடையாது. பக்கத்து கோபுரம் முழுசாக விழுந்துவிட்டது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்படியும் கீழே இறங்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அது பலர் காதில் விழவில்லை. கேட்ட சிலரும் அவசரம் புரியாமல் தாமதித்தனர். அன்று மொத்தம் 343 தீயணைப்பு வீரர்கள் பலியானார்கள். எல்லா சாவுக்கும் ரேடியோ காரணம் அல்ல. ஆனால் ஒரு பகுதிக்கு காரணம் என்பதை மறுக்க முடியாது.

பட்டனை அழுத்தவில்லை

1993-ல் அதே கட்டிடத்தில் குண்டு வெடித்தபோதே ரேடியோ கோளாறு வெளியே வந்தது. அதன்பிறகு சிக்னலை வலுவாக்கும் ரிப்பீட்டர் கருவியும் வைத்தார்கள். ஆனால் 2001-ல் அதை இயக்க இரண்டாவதாக அழுத்த வேண்டிய பட்டனை யாரும் அழுத்தவில்லை. கருவி கெட்டுப்போச்சு என்று நினைத்து, வடக்கு கோபுர அதிகாரிகள் அதை விட்டுவிட்டார்கள். கருவி இருந்தும் பயனில்லை!

அதே நாளில் வாஷிங்டன் அருகே பென்டகனும் தாக்கப்பட்டது. அங்கேயும் தகவல் தொடர்பில் சிக்கல் வந்தது. ஆனால் மீட்புப் பணி ஓரளவு ஒழுங்காக நடந்தது. காரணம், 1982-ல் அங்கே ஒரு விமானம் ஆற்றில் விழுந்து 78 பேர் பலியானபோது, உதவிக்கு வந்த துறைகள் ஒன்றோடு ஒன்று பேச முடியாமல் திண்டாடின. அதில் பாடம் படித்த சுற்றுவட்டார துறைகள் ஒப்பந்தம் போட்டு, சேர்ந்து பயிற்சி செய்து வந்தன.

இணைப்பது எப்படி?

வழி இல்லாமல் இல்லை. ஒரு பெட்டியில் போலீஸ் ரேடியோ ஒன்று, தீயணைப்பு ரேடியோ ஒன்று என்று சொருகிவிட்டால், இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் ஒலிக்கும். இதை வண்டியில் ஏற்றி விபத்து நடந்த இடத்துக்கே கொண்டு போகலாம். கண்ட்ரோல் ரூமில் இருந்தபடி இரண்டு சேனலை இணைக்கலாம். எல்லா துறைக்கும் பொதுவாக ஒரு சேனல் ஒதுக்கலாம். இங்கிலாந்தில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே ரேடியோ வலையமைப்பு உண்டு. அமெரிக்கா 2012-ல் சட்டம் போட்டு 'பர்ஸ்ட்நெட்' என்ற தனி வலையமைப்பை உருவாக்கியது.

ஆனால் எல்லோரையும் இணைத்தாலும் ஆபத்துதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நூறு பேர் பட்டனை அமுக்கினால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். எனவே அதிகாரிகள் மட்டத்தில் மட்டும் இணைப்பதே வழக்கம்.

நம்ம நிலைமை?

இந்தியாவிலும் துறைகளின் ரேடியோ தனித்தனியாகவே கிடக்கிறது. நாடு முழுவதும் ஒருங்கிணைந்த அவசரகால வலையமைப்பு வேண்டும் என்று 2018-ல் டிராய் பரிந்துரை செய்தது குறிப்பிடத்தக்கது.

டெண்டர் விட்டு பெட்டி வாங்குவது சுலபம். யார் யாரோடு பேசுவது, எந்த சேனல், யார் உத்தரவு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, மூன்று துறையும் அடிக்கடி ஒத்திகை பார்ப்பதுதான் கஷ்டம். அதைச் செய்யாவிட்டால் புதுக் கருவியும் அழுத்தாத பட்டன்தான்!