நான்கு மில்லிமீட்டர்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

நான் பிறவியிலேயே பார்வையற்றவன், பள்ளி ஆசிரியர். வாடகை வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். நானே சமைத்துக்கொள்கிறேன், வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன். காசை எடுத்து நீட்டும் இடத்தில்தான் கை தயங்குகிறது.

போன மாதம் அறுபது ரூபாய்க்குக் காய்கறி வாங்கிவிட்டு, நூறு என்று நினைத்து ஒரு தாளைக் கொடுத்தேன். "சார், இது ஐநூறு. உள்ள வைங்க" என்று அதை மறுபடி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார் கடைக்கார அம்மா. நல்ல மனுஷி. ஆனால் என் சம்பளப் பணம் எதிரில் நிற்பவரின் நேர்மையை நம்பி இருக்கலாமா?

2016க்கு முந்தைய தாள்களில் ஐம்பது ரூபாயின் நீளம் 147 மில்லிமீட்டர், நூறு 157, ஐநூறு 167. படிக்குப் படி பத்து மில்லிமீட்டர். இரு விரலிடுக்கில் வைத்து மடித்தால் போதும், தெரிந்துவிடும். இப்போது நூறு 142, இருநூறு 146, ஐநூறு 150. அகலம் மூன்றுக்கும் 66தான். பின்னால் ஆட்கள் காத்து நிற்கும்போது நான்கு மில்லிமீட்டரை எந்த விரல் அளக்கும்?

நூறில் முக்கோணம், ஐநூறில் வட்டம், ஓரங்களில் மேடான கோடுகள் என்று அடையாளங்கள் இருப்பது உண்மை. புதுத்தாளில் அவை விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பத்துக் கை மாறி, வேர்வையில் ஊறி வந்த தாளில் எல்லாம் வழுவழுத்துவிடுகின்றன. பத்து, இருபது, ஐம்பதில் அதுகூடக் கிடையாது. தாளின் மதிப்பைச் சொல்ல 2020இல் நீங்கள் கொடுத்த 'மணி' செயலியை வீட்டில் நான் பயன்படுத்துகிறேன். சந்தை நெரிசலில் ஒரு கையில் கோல், மறு கையில் பை. போனை எதில் பிடிப்பது?

2019இல் அறிமுகமான இருபது ரூபாய் நாணயத்தைப் பாருங்கள். பன்னிரண்டு விளிம்பு. பைக்குள் கைவிட்ட உடனே தெரிகிறது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது போதாதா?

வங்கி விஷயமும் ஒன்று உண்டு. காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை எதையும் பார்வையற்றவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று உங்கள் வங்கியே 2008இல் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகும் ஒரு கிளையில், "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு முறையை மாற்றும்படி 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவும் கவுண்டர் வரை வந்து சேர வேண்டும்.

அடுத்த வரிசைத் தாள்களை வடிவமைக்கும்போது பழைய பத்து மில்லிமீட்டரைத் திருப்பிக் கொடுங்கள். சிறிய தாள்களிலும் விரலுக்குத் தெரியும் அடையாளம் வையுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாதிரிகளை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மொடமொடப்பான புதுத்தாளாக வேண்டாம். ஒரு வாரம் மீன் சந்தையில் புழங்கியதுபோல் கசக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்