ஒரு நிறம் மட்டும் போதுமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு பக்கமாவது இப்படி இருக்கும்: மண்டபம், மேளக்காரர், மாமன்மார் எல்லாரும் கறுப்பு வெள்ளை; மணப்பெண்ணின் கூறைப்புடவை மட்டும் செக்கச் சிவப்பு! இதைத்தான் 'செலக்டிவ் கலர்' என்கிறார்கள். (ஃபோட்டோஷாப் மெனுவில் அதே பெயரில் இருப்பது நிறங்களின் கலவையை மாற்றும் வேறொரு வசதி. புதிதாகப் பழகுபவர்கள் அதைத் திறந்துவிட்டு முழிப்பது வழக்கம்.)

செய்முறை பெரிய வித்தை இல்லை. படத்தின் லேயரை நகலெடுத்து, மேலே உள்ளதன் நிறத்தை முழுக்க நீக்கி, அதற்கு ஒரு லேயர் மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும். கை தவறினால் வெள்ளை பிரஷ்ஷால் மூடிக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே வழிதான். சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதை நீக்கும் குறுக்குவழி நம் ஆட்களுக்கு ஒத்துவராது. நம்முடைய மாநிறம் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில்தான் விழுகிறது. புடவையோடு கன்னமும் கையும் திட்டுத் திட்டாக நிறம் பிடித்து நிற்கும்.

சரி, இது தேவைதானா? 1993ல் ஸ்பீல்பெர்க் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் ஒரு சிறுமியின் கோட்டுக்கு மட்டும் சிவப்பைக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் அவளைக் கண் தேடவேண்டும், பிறகு அந்தச் சிவப்பை மறுபடி பார்க்கும்போது நெஞ்சு அடைக்கவேண்டும் என்பதற்காக. அங்கே நிறத்துக்கு வேலை இருந்தது. பெரம்பலூர் சின்ன வெங்காயப் பட்டறையைப் படமெடுத்து வெங்காயத்தின் நிறத்தை மட்டும் விட்டால் அதிலும் அர்த்தம் உண்டு. விவசாயி பார்ப்பது அதைத்தானே! அதே ஊர்ப் பருத்திக் காட்டில் எந்த நிறத்தை மிச்சம் வைப்பது? கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைச் சாம்பலாக்கிவிட்டுப் புல்வெளியை மட்டும் பச்சையாக விடுவதும் வேண்டாத வேலை. சாயங்கால வெயிலில் அந்தக் கல் மஞ்சளாக மாறுவதைப் பார்க்கத்தானே அங்கே போகிறோம்.

கல்யாணப் படத்தில் நிலைமை இன்னும் மோசம். நம் ஊர் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பெரும்பாலும் மாலை போட்டுச் சுவரில் மாட்டிய தாத்தா பாட்டி படம். உயிரோடு அட்சதை தூவும் பெரியவரை அந்த நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தால் வீட்டில் முகம் சுளிக்கமாட்டார்களா? மகள் கல்யாணத்துக்கென்று ஒரு தாய் கடை கடையாக ஏறி எடுத்த பச்சைப் புடவை, ஆல்பத்தில் வெறும் சாம்பல். இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை பார்க்கும்போது அந்தப் பச்சையை யார் சொல்வார்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து, நிறம் நீக்கிய படத்தை அதே ஜேபெக் கோப்பின் மேலேயே சேமித்துவிடுவது. ஒருமுறை அப்படிச் சேமித்து மூடிவிட்டால் போன நிறம் போனதுதான். சில கேமராக்களில் படம் எடுக்கும்போதே ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு; அதில் ஜேபெக்காக எடுத்தால் மற்ற நிறங்கள் கோப்புக்குள் வருவதே இல்லை. ஆகவே ஸ்டூடியோவில் முன்பணம் கொடுக்கும்போதே, கை வைக்காத மூலப்படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் தனியாகத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் அவர்கள் எந்த நிறத்தை வேண்டுமானாலும் அழிக்கட்டும்.