சாதியைக் கேட்கத் தெரியாத ஆலோசகர் அறை

ஒரு தலித் மாணவரோ பழங்குடி மாணவரோ கல்வி வளாகத்தில் தற்கொலைக்குத் தள்ளப்படும்போது, நிர்வாகங்கள் வழக்கமாக இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. ‘அவருக்கு மன அழுத்தம் இருந்தது.’ ‘எங்களிடம் ஆலோசனை மையம் இருக்கிறது.’ இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அந்த மாணவர் ஏன் அந்த மையத்தின் கதவைத் தட்டவில்லை, தட்டியிருந்தால் உள்ளே என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதுதான் நம் கேள்வி.

2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியின் முதலாண்டு தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். நிர்வாகம் அமைத்த விசாரணைக் குழு, நேரடிச் சாதிப் பாகுபாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது. படிப்பில் அவர் பின்தங்கியதைச் சுட்டிக்காட்டியது. இப்படிச் சொல்லிவிட்டால் சிக்கல் வளாகத்தை விட்டு வெளியேறி மாணவரின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்குள்ள அம்பேத்கர் பெரியார் புலே படிப்பு வட்டம், ஆலோசனை மையத்தில் பட்டியல் சாதி, பழங்குடி ஆலோசகர்கள் வேண்டும் என்று முன்பே குரல் எழுப்பியிருந்தது.

அந்தக் கோரிக்கையின் நியாயம் எளிமையானது. ‘உன் ரேங்க் என்ன?’ என்று விடுதி அறையில் கேட்பது சாதியைக் கேட்பதுதான் என்பது அதை எதிர்கொண்டவருக்குத் தெரியும். அது தெரியாத ஆலோசகர், ‘நீங்கள்தான் அதிகமாக யோசிக்கிறீர்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். போனவர் மறுமுறை போகமாட்டார். அங்கே சொன்னது துறைத்தலைவர் காதுக்கும் நெறியாளர் காதுக்கும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. ஆய்வு மாணவர்களுக்கு அந்த நெறியாளரின் கையெழுத்தில்தான் வாழ்க்கையே இருக்கிறது.

சட்டத்தில் குறையில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதிப் பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. 23ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேருக்குக் குறையாமல் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஒரு மனநல ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்றது. வரவேற்போம். ஆனால் ஆள் போட்டுவிட்டால் மட்டும் அணுக முடிந்துவிடாது. அந்த ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்பவர், எதைக் கேட்கப் பழகியவர் என்பதும் சேர்ந்ததுதான் அணுகல்.

‘எங்களுக்கு வேண்டியது கவுன்சிலிங் அல்ல, நீதி’ என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். ரோகித் வெமுலாவின் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றது. விடுதியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். அந்தக் காயத்துக்கு மருந்து ஆலோசகர் அறையில் இல்லை என்பது சரிதான். ஆனால் இன்றிரவு தூக்கமில்லாமல் தவிக்கும் ஒரு பிள்ளையிடம், சாதி ஒழியும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. சிகிச்சையைக் கேட்பது போராட்டத்திலிருந்து விலகுவதாகாது. போராடுகிறவர் உயிரோடு இருக்க வேண்டும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை: நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத, மாணவரின் தாய்மொழியில் பேசும் ஆலோசகர்கள், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதித்துவம், எல்லோருக்கும் சாதி பற்றிய கட்டாயப் பயிற்சி, மாதம் தவறாத உதவித்தொகை. ஆலோசகரிடம் சொல்லப்பட்ட பாகுபாடு, மாணவர் விரும்பினால், புகாராகப் பதிவாகும் வழியும் வேண்டும். இல்லையென்றால் அழுதுவிட்டுப் போகும் இடமாக மட்டுமே அந்த அறை இருக்கும்.

இதற்கெல்லாம் காலம் ஆகலாம். அதுவரை, தவிப்பில் இருக்கும் தோழர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். பக்கத்து அறைக்காரர் சில நாள்களாகச் சாப்பிட வரவில்லை என்றால், அந்தக் கதவை நாம் தட்டுவோம்.