தலைநகரும் மலைமுகடும்

தென் அமெரிக்காவிலே பொலிவியா என்றொரு நாடு. சட்டப்படி அதன் தலைநகர் சூக்ரே. ஆட்சிபீடம் அமைந்திருப்பதோ லா பாஸ் நகரில். ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில், ஆண்டீஸ் மலையின் மடியில், கிண்ணம்போல் குழிந்த நகரம். கிண்ணத்தின் அடியில், குளிர் குறைந்த இடத்தில், செல்வர்தம் மாளிகைகள். விளிம்பின் மேலே எல் ஆல்ட்டோ. அங்கே ஐமாரா பழங்குடி உழைப்பாளர். உயரத்தில் வாழ்பவன் தாழ்ந்தவன்; தாழ்வில் வாழ்பவன் உயர்ந்தவன்! விந்தையன்றோ?

வியக்க வேண்டாம் தோழர்களே! கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறிப் பாருங்கள். கீழே கரும்பு வயல்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பம். மேலே சாமையும் தினையும், கடுக்காயும் புளியும், வானம் பார்த்த வாழ்வும். கீழே வயல் நனைக்கும் கோமுகி பிறப்பது அந்த மலையில்தான். தண்ணீர் இறங்கி வருகிறது. நன்மை ஏறிப் போயிற்றா?

1947-இல் நாடு விடுதலை பெற்றது, மலை பெறவில்லை! அங்கே ஜாகீர்தார் ஆட்சியும், கூலியில்லா வெட்டி வேலையும் 1976 வரை நீடித்தன. பொலிவியாவோ 1952 புரட்சியிலேயே பழங்குடிக்கு வாக்குரிமை வழங்கிற்று. பண்ணையடிமை முறையை ஒழித்தது. மலையடிவாரத்தில் என் நாடகம் முடிந்த இரவு, முதியவர் ஒருவர் சொன்னார்: "உங்க நாடகத்துல ராசா மூணு மணி நேரத்துல ஒழிஞ்சாரு தம்பி. எங்களுக்கு எழுபத்தாறு வரைக்கும் ஆச்சு." கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், விடுபட்ட பாடத்தை அன்று படித்தேன்.

மலைவாசிக்கு முன்பு கலெக்டர் இருந்த இடம் கடலூர். 1993 முதல் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. தலைநகர் அவனை நோக்கி நடந்து வந்திருக்கிறது. மகிழ்ச்சி! ஆனால் மலையடிவாரத்தோடு நின்றுவிடலாமா?

2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே விரல்கள் மலையை நோக்கி நீண்டன. கொன்றது எது? மெத்தனால்! அது மலையில் விளைவதா? தொழிற்சாலைச் சரக்கு! மலையில் சாராய ஊறல் இல்லையென்று வாதிட வரவில்லை. பானையை உடைத்தீர்கள், சரி. பானை வைத்தவனுக்கு வேறு பிழைப்பு எது என்று கேட்டோமா? மறு மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. நீதிமன்றம் கேட்கும்வரை நாம் ஏன் கேட்கவில்லை?

லா பாஸில் 2014-இல் கம்பிவட ஊர்திகள் ஓடத் தொடங்கின. மலையழகு காண வருவோர்க்காக மட்டுமல்ல. எல் ஆல்ட்டோ உழைப்பாளி வேலைக்குச் சென்று வீடு திரும்புவதற்காக! நாமோ மேகம் அருவி காண ஏறுகிறோம், குளித்து இறங்குகிறோம். அருவியைக் கண்டோம், அயலிலே நிற்பவனைக் கண்டோமா?

கம்பிவடம் கேட்கவில்லை நாம். மழையிலும் பேருந்து ஏறும் சாலை, மருத்துவர் தங்கும் மருத்துவமனை, 2006 வன உரிமைச் சட்டம் வாக்களித்த நிலப்பட்டா, சாமைக்கும் கடுக்காய்க்கும் நியாய விலை — இவற்றையே கேட்கிறோம்.

ஆகவே தோழர்களே, வாக்குக் கேட்க மட்டும் மலையேறாதீர்! பட்டா மனு எழுதித் தர ஏறுங்கள். பள்ளியில் ஆசிரியர் உண்டா என்று பார்க்க ஏறுங்கள். மாவட்டத்தின் தலைநகர் கள்ளக்குறிச்சி என்பது அரசாணை. அது மலைக்கும் தலைநகர் என்பதை மெய்ப்பிப்பது நம் கடமை!