பேய்ப் பொம்மை செய்யும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்

“விளக்கேற்றும் வீட்டில் பேய்ப் பொம்மையா?” என்று கேட்கிறவர்களுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் என் மதிப்புக்குரியவர்கள். பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு விழாவில் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி வைத்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் ஓர் உருவத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தான். ஓரடி உயரம் இருக்கும். தட்டைத் தலை, நெற்றியில் தையல், கழுத்தின் இரண்டு பக்கமும் இரும்பு முளை, கனத்த பூட்ஸ். பழைய ஆங்கிலப் படத்தில் வரும் ஃபிராங்கன்ஸ்டைன் பூதம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த அவன் மாமா கொடுத்த வினைல் கிட் அது. மூன்று மாதம் உழைத்து ஒட்டி, தேய்த்து, வர்ணம் தீட்டியிருந்தான். மதியத்துக்குள் ‘அபசகுனம்’ என்றும் ‘குழந்தைகள் பயப்படும்’ என்றும் பேச்சு கிளம்பியது. பூதம் மேசையை விட்டு இறக்கப்பட்டது. அம்மாக்கள் செய்து கொடுத்த தெர்மோகோல் தாஜ்மகால்கள் மட்டும் சாயங்காலம் வரை கம்பீரமாக நின்றன!

நான் பிம்ப்ரியில் பிளாஸ்டிக் மோல்டு செய்யும் டூல் ரூமில் 31 வருடம் வேலை பார்த்தவன். பக்தியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் அந்த மேசையில் இருந்தவற்றில் எது உண்மையான கைவேலை என்று சொல்லத் தகுதி உண்டு.

கிட் என்றால் பெட்டியைத் திறந்ததும் பொம்மை எழுந்து நிற்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பவை தலை, உடம்பு, கை, கால் என்று தனித்தனியான, ஒரே நிறத்துக் கூடுகள். திரவ வினைலை உலோக மோல்டில் ஊற்றிச் சூடாக்கினால் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் தோல்போல இறுகும். மீதியைக் கவிழ்த்து வடித்துவிட்டு, மறுபடி சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் குறடால் பிடித்து வெளியே இழுப்பார்கள். ரப்பர் மாதிரி வளைந்து கொடுப்பதால் கோட்டின் மடிப்பும் முகச் சுருக்கமும் ஒரே துண்டில் வந்துவிடும். நாங்கள் செய்த எஃகு இன்ஜெக்ஷன் மோல்டில் இது அவ்வளவு சுலபமல்ல. அதோடு, எஃகு மோல்டுக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. அதனால்தான் சின்னக் கம்பெனிகளும் சில நூறு, சில ஆயிரம் கிட்டுகள் போட்டு விற்க முடிந்தது.

இனிமேல்தான் பையனின் வேலை. ஒவ்வொரு கூட்டின் வாயிலும் வேண்டாத விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஹேர் டிரையரால் இளக்கிக் கத்தியால் அரிந்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கழுத்து கோணிவிடும். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்; மோல்டிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் பிடிக்காது. காலுக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மே மாத வெயிலில் கணுக்கால் மடிந்து பூதம் சாய்ந்துவிடும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, இடைவெளிகளை எம்-சீல் வைத்து அடைத்து, இணைப்பு தெரியாமல் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதன்பின் பிரைமர். அதற்கும் பிறகுதான் வர்ணம்.

வர்ணத்திலும் எத்தனையோ நுணுக்கம். எனாமல் பெயிண்ட் அடித்தால் வினைலின் மேல் பல சமயம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். வினைல் மென்மையாக இருக்கச் சேர்த்த பொருள் அதைக் காயவிடாது. ஆகவே அக்ரிலிக். முதலில் இருண்ட நிறத்தை முழுவதும் பூசுவார்கள். பிறகு தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் படும்படி லேசாகத் தடவுவார்கள். புருவ எலும்பும் கன்னமும் அப்படியே எழும்பி நிற்கும். நீர்க்கக் கரைத்த கறுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டால் தையல் தழும்பு தெரியும்.

அந்தப் பூதத்துக்கு என்ன நிறம்? படம் வந்தது 1931-இல், கறுப்பு வெள்ளையில். மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ், கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணம்போல வெளிறித் தெரிய வேண்டும் என்பதற்காக நடிகரின் முகத்தில் பச்சை கலந்த மைப்பூச்சைப் பூசினார். அப்படியானால் வர்ணம் தீட்டுகிறவன் பச்சை பூசுவதா, திரையில் கண்ட சாம்பல் நிறமா? பையனைக் கேட்டேன். “அங்கிள், பச்சை மேக்கப்போட நிறம், சாம்பல் பூதத்தோட நிறம். நான் பூதத்தைத்தான் செஞ்சேன்” என்றான். பதினைந்து வயதில் இப்படி யோசித்து ஒரு முடிவெடுக்கிற பிள்ளையைப் பார்த்து ‘பேய் பிடித்தவன்’ என்றா சொல்வது?

இந்தப் பொழுதுபோக்கு நேற்று முளைத்ததல்ல. யுனிவர்சல் ஸ்டுடியோவின் பழைய திகில் படங்கள் 1957 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வர ஆரம்பித்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். 1961-இல் அரோரா என்ற கம்பெனி ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் பிளாஸ்டிக் கிட்டை வெளியிட்டது. அது பிரமாதமாக விற்கவே டிராகுலா, ஓநாய் மனிதன், மம்மி என்று வரிசையாக வந்தன. அவை கெட்டியான பாலிஸ்டைரீனில் செய்தவை. மென்மையான வினைலில் அதே பூதங்களை 1980-களில் ஜப்பானின் பில்லிகென் கம்பெனி செய்தது. அமெரிக்காவில் ஹொரைசன் கம்பெனி தொடர்ந்தது. அன்று பிள்ளைகளாக அரோரா கிட் ஒட்டியவர்கள்தான் பெரியவர்களான பின் வினைல் கிட்டை வாங்கினார்கள். அவர்கள் யாரும் பேயாகிவிடவில்லை.

நம்மைப்போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. இந்தப் பூதங்களைத் திரையில் உருவாக்கியவர்களில் பலர் பிழைக்க வந்தவர்கள். ஸ்டுடியோவை நிறுவிய கார்ல் லெம்லி ஜெர்மனியில் பிறந்தவர். மேக்கப் போட்ட ஜாக் பியர்ஸ் கிரேக்க நாட்டுக்காரர். 1931-இல் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி ஹங்கேரிக்காரர். அவருடைய ஆங்கிலத்தில் கடைசிவரை தாய்மொழி வாடை போகவில்லை. அந்த உச்சரிப்பைத்தான் இன்றும் உலகமெங்கும் டிராகுலாவின் குரலாக மிமிக்ரி செய்கிறார்கள். பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் பிறந்தவர், தந்தை வழியில் இந்திய ரத்தமும் உண்டு. 1909-இல் கனடாவுக்குக் கப்பலேறி, கூலி வேலை செய்து, அமெரிக்காவில் லாரி ஓட்டி, நாற்பதைத் தாண்டிய பிறகு கிடைத்த வேடம் இது.

கதையும் அப்படித்தான். மேரி ஷெல்லி இந்த நாவலை 1818-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 20. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தைப் படைத்தவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. கண் திறந்த கணத்திலேயே படைத்தவன் அருவருத்து ஓடிவிடுகிறான். பெயரில்லாத அந்த ஜீவன் ஒரு குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் துணிந்து வெளியே வந்து முகத்தைக் காட்டியதும் அடித்துத் துரத்துகிறார்கள்.

பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் காது கொடுத்துக் கேட்டே மராத்தி கற்றுக்கொண்டவர்கள் நாம். முகத்தைப் பார்த்ததும் விரட்டப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மேசையில் நாமே அதைச் செய்தோம் என்பதுதான் என் வருத்தம்.

சரி, பயம்? ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது எதற்காக? பயம் இருட்டில்தான் வளரும். பூதத்தின் கண்ணிமையை உப்புத்தாளால் தேய்த்தவனுக்கு, அதன் காலுக்குள் பிளாஸ்டர் ஊற்றியவனுக்கு, அது பஞ்சும் பசையும் வைத்து ஒரு கலைஞர் செய்த முகம் என்று தெரியும். ராத்திரி போனில் திகில் படம் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கப் பயப்படும் பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! அவர்களைவிட இவன் தைரியசாலி.

அபசகுனம் என்கிறார்கள். புது வீடு கட்டினால் கோரைப்பல்லும் முட்டைக் கண்ணுமாகத் திருஷ்டி பூதத்தை வாசலில் தொங்கவிடுகிறவர்கள் யார்? நாம்தான். கொலுவில் மகிஷாசுரமர்த்தினி வைக்கிறோம்; மகிஷாசுரன் இல்லாமல் அந்தப் பொம்மை ஏது? கோர முகத்தை வீட்டுக்குள் அனுமதிக்காத பழக்கம் நம்முடையதல்ல.

எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் கண்மட்டத்தில் அதை வைத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஓரத்தில் உயரமாக வைத்திருக்கலாம். எல்லாத் திகில் பொம்மைகளும் ஒன்று என்றும் நான் சொல்லமாட்டேன். 1971-இல் அதே அரோரா கம்பெனி, சித்திரவதைக் கூடத்தையும் அதில் மாட்டிக்கொண்ட இளம்பெண்ணையும் கிட்டாகப் போட்டது. அமெரிக்கப் பெற்றோர்களும் பெண்களும் கொதித்தெழுந்தார்கள். அந்த வரிசை நிறுத்தப்பட்டது. அது சரியான கோபம். ஒரு மனுஷியைத் துன்புறுத்துவதை விளையாட்டாக்கினால் தடுக்கத்தான் வேண்டும். துன்பப்பட்ட ஒரு ஜீவனின் முகத்தை மூன்று மாதம் உற்றுப் பார்த்துச் செய்வது அதற்கு நேர் எதிரானது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ‘பேய்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடக் கூடாது.

எனக்கு உண்மையில் பயமூட்டுவது வேறு. வேலையிலிருந்த கடைசி வருடங்களில் அப்ரண்டிஸாகச் சேர வந்த பையன்களைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அழகாக வரைந்தார்கள். கையில் அரத்தைக் கொடுத்தால் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை. குற்றம் அவர்களுடையதல்ல, எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் கிளாஸுக்கு அனுப்பிய நம்முடையது. இங்கே மராத்திப் பிள்ளைகள் தீபாவளி வந்தால் கை கால் எல்லாம் மண்ணாகக் கோட்டை கட்டி, அதில் சிவாஜி மகாராஜாவை உட்கார வைக்கிறார்கள். பக்கத்து வீட்டு நம் பிள்ளை அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பூதம் செய்ய ஆசைப்பட்டால் செய்யவிடுங்கள். வெளிநாட்டுக் கிட் விலை அதிகம், சுங்கமும் சேரும். அது கட்டாயமும் இல்லை. கட்டுக்கம்பியில் எலும்புக்கூடு வளைத்து, செய்தித்தாள் சுற்றி, மேலே எம்-சீல் அப்பினால் சொந்தப் பூதமே தயார். கத்தியும் சூடும் இருப்பதால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பசை, வர்ண வாடை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து அவனோடு நீங்களும் உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது பிள்ளைகள் பேசுவார்கள், அதுவும் தமிழில் பேசுவார்கள். இது என் அனுபவம்.

அடுத்த கண்காட்சிக்கு விதி எழுதும் நண்பர்களுக்கும் ஒரு யோசனை. ‘நல்ல உருவம், கெட்ட உருவம்’ என்று பிரிக்க வேண்டாம். ‘பிள்ளை தன் கையால் செய்ததா?’ என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வைத்தால் மேசையில் இடம் தாராளமாகக் கிடைக்கும்!